மொறப்பாக்கம் கோபாலனும் 1936ஆம் வருஷத்துக் கோடையும்

இது நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் லீட்ஸ் நகரத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். ஒன்பதாம் வாய்ப்பாடு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் அவனுக்கு. பெயர் வேண்டாம், அவனுக்கே தெரியும். இப்போது இங்கிலாந்தில் கணக்குப் பார்க்கும் வேலையில்தான் இருக்கிறான்! அவன் இருக்கும் பக்கத்தில் ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம், நம் ஊர்க் கபடி போல உயிரைக் கொடுத்துப் பார்ப்பார்களாம். அந்தக் காலத்தில் அதை ஆடியவர்களில் சிலர் குத்துச்சண்டை மேடையும் ஏறினார்களாம். அப்படி ஒருவருடைய கதையைக் கேட்டுவிட்டு, "டீச்சர், நம்ம ஊர்ல இப்படி ரெண்டு ஆட்டத்துலயும் பெரிய ஆளா இருந்தவங்க யாராவது உண்டா?" என்று கேட்டான்.

"ஏன் இல்லாம? எம்.ஜே. கோபாலன் இருக்காரே" என்றேன்.

"யாரு டீச்சர் அது?"

கோபம்தான் வந்தது. ஆனால் நானும் வகுப்பில் அவரைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லையே. பாடப்புத்தகத்தில் இல்லாததைச் சொல்ல நேரம் எங்கே இருந்தது? அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன். இன்னொரு கடனும் இருக்கிறது, அது பின்னால் வரும்.

மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன் என்பது முழுப்பெயர். பிறந்தது 1909 ஜூன் 6. மொறப்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம், சென்னையிலிருந்து சுமார் 50 மைல். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும்கூட அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லாதான். திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997இல். ஆகவே கோபாலன் நம் ஜில்லாக்காரர் என்று நான் உரிமை கொண்டாடினால் யாரும் மறுக்க முடியாது.

வளர்ந்தது திருவல்லிக்கேணியில். அங்கே தெருவில் கிரிக்கெட்டும் ஆடினார், ஹாக்கியும் ஆடினார். என் அப்பா அவருடைய ஆட்டத்தைச் சேப்பாக்கத்தில் பார்த்திருக்கிறார். கோபாலனுக்கு வயதாகி, ஆடுவதை நிறுத்தப்போகிற சமயம் அது. "பந்து போடற கையப் பார்த்தியா, ஹாக்கி மட்டை பிடிச்ச மணிக்கட்டு அது" என்பார் அப்பா. எனக்கு அப்போது ஒன்றும் புரியாது. தலையாட்டிவிட்டு ரேடியோவில் பாட்டு வைக்கச் சொல்வேன்.

கோபாலனைக் கண்டுபிடித்துத் தூக்கிவிட்டவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். கேம்பிரிட்ஜில் படித்து, கென்ட் கவுண்டிக்கு ஆடி, எண்ணெய்க் கம்பெனி வேலையாகச் சென்னைக்கு வந்தவர். சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்தவர்களில் முக்கியமானவர். இந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது என்று பார்த்ததும் பர்மா ஷெல் கம்பெனியில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார் (இன்றைய பாரத் பெட்ரோலியத்துக்கு முன்னோடி அந்தக் கம்பெனி). திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் ஆடவும் வழி செய்தார். வேலை முதலில், ஆட்டம் பிறகு. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதில்தான் நிற்கிறது.

இங்கே லீட்ஸ்காரன் சொன்ன ரக்பி லீக் சங்கதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஜார்ஜ் ஹோட்டல் என்ற இடத்தில், வட இங்கிலாந்தின் இருபதுக்கும் மேற்பட்ட ரக்பி கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் வைத்துக்கொண்டன. அதுதான் பின்னால் ரக்பி லீக் ஆனது. சண்டை எதற்கு? கூலிக்குத்தான். அவர்களுடைய ஆட்டக்காரர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஷிஃப்டை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும். போன கூலியை மட்டும் ஈடு செய்யுங்கள் என்று கேட்டார்கள். விளையாட்டுக்குக் காசு வாங்கினால் மானம் போய்விடும் என்று லண்டன் பெரிய மனிதர்கள் மறுத்துவிட்டார்கள். நிலபுலன் வருமானத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு மானத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். டன்லப் சங்கு ஊதும்போது சைக்கிளை எட்டி மிதித்த அப்பாக்களின் பிள்ளைகளான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் சம்பளம் வெட்டானால் வீட்டில் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள்.

கோபாலனுக்கு வருவோம்.

அவர் வலது கை மிதவேகப் பந்துவீச்சாளர், மட்டையும் சுமாராகப் பிடிப்பார். 1930இல் விஜயநகரம் மகாராஜகுமார் ஒரு கிரிக்கெட் குழுவைச் சேர்த்து ஊர் ஊராகக் கூட்டிப் போனார். இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸையும் ஹெர்பர்ட் சட்கிளிஃபையும் பணம் செலவழித்து வரவழைத்திருந்தார். அந்தக் காலத்தில் ஹாப்ஸ் என்றால் மட்டைக்கே மறுபெயர். அந்தக் குழு சென்னையில் ஆடியபோது ஹாப்ஸின் விக்கெட்டை எடுத்தவர் திருவல்லிக்கேணிப் பையன். இந்த விஜயநகரத்தாரை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் வருவார், நல்ல வேளையில் வரமாட்டார்.

1934 ஜனவரி. டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்திருந்தது. கல்கத்தாவில் நடந்த இரண்டாவது டெஸ்ட்டில் சி.கே. நாயுடு தலைமையில் கோபாலன் ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன், அதில் ஒரு இன்னிங்ஸில் 11 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். 39 ரன் கொடுத்து ஒரு விக்கெட். ஆட்டம் டிரா. முதல் டெஸ்ட் ஆடுகிறவனுக்கு இது மோசம் என்று சொல்ல முடியாது. அடுத்த டெஸ்ட் எங்கே தெரியுமா? சேப்பாக்கத்தில். சேப்பாக்கம் கண்ட முதல் டெஸ்ட் அதுதான், பிப்ரவரி 10 அன்று தொடங்கியது. சொந்த ஊர், சொந்த மைதானம், நடந்தே போய்விடக்கூடிய தூரம். கோபாலனுக்கு அணியில் இடமில்லை. பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. அன்றைக்கு அவருக்கு அது தெரிந்திருக்காது.

அதே வருஷம் நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் இன்னொரு காரியம் நடந்தது. ரஞ்சி டிராபி என்று இன்று வருஷம் தவறாமல் நடக்கிறதே, அதன் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும். முதல் பந்தைப் போட்டவர் கோபாலன், எதிரே நின்றவர் என். கர்டிஸ். சென்னைக்குத் தலைவர் ஜான்ஸ்டன். ஏ.ஜி. ராம் சிங் 35 ரன் கொடுத்துப் பதினொரு விக்கெட்டை அள்ளிவிட்டார். மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது, சென்னைக்கு இன்னிங்ஸும் 23 ரன்னும் வெற்றி. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். பொது அறிவுத் தேர்வுக்குப் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பத்தியைக் காட்டலாம்.

இப்போது மற்ற ஆட்டம். ஹாக்கியில் அவருடைய இடம் சென்டர் ஹாஃப். அன்றைய ஹாக்கியில் அதுதான் முதுகெலும்பு. தடுப்பவர்களுக்கும் முன்னால் நின்று கோல் போடுபவர்களுக்கும் நடுவில் நிற்கிற ஆள். பின்னால் வந்து பந்தைப் பறிக்க வேண்டும், முன்னால் ஓடிப் பந்தைக் கொடுக்கவும் வேண்டும். கோல் போட்டவன் பெயர்தான் பேப்பரில் வரும், இவன் பெயர் வராது. மூச்சுப் பிடிக்கத் தெரியாதவன் அங்கே அரை மணி தாங்க மாட்டான்.

1935இல் தியான் சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து போனது. ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும்கூட ஆடினார்கள். மொத்தம் 48 ஆட்டம், 48உம் வெற்றி. போட்ட கோல் 584. அதில் தியான் சந்த் ஒருவரே 201. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் டான் பிராட்மனும் தியான் சந்தும் சந்தித்துக்கொண்டது இந்தப் பயணத்தில்தான். கோபாலன் அந்த அணியில் இருந்தார். போன வருஷம் இந்தியாவுக்குக் கிரிக்கெட் டெஸ்ட், இந்த வருஷம் இந்தியாவுக்கு ஹாக்கி. வயது இருபத்தாறு.

அப்புறம் 1936 வந்தது.

ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக். அதே கோடையில் இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்து போகிறது. இரண்டுக்கும் கோபாலன் பெயர் அடிபட்டது. ஆனால் ஹாக்கித் தேர்வு ஆட்டங்களும் கிரிக்கெட் பயணமும் ஒன்றோடு ஒன்று மோதின. இன்றைக்குப் போல விமானத்தில் ஏறி மறுநாள் இறங்குகிற காலமா அது? கப்பல் ஏறினால் வாரக்கணக்கு. இங்கிலாந்துப் பயணம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும்.

கோபாலன் கிரிக்கெட்டை எடுத்தார்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நினைத்தாலே எரிச்சல் வருகிறது. அணித் தலைவர் யார்? நம் விஜயநகரம் மகாராஜகுமார். செல்வாக்கில் வந்த தலைமை. மூன்று டெஸ்ட்டில் ஆறு இன்னிங்ஸ் ஆடி அவர் எடுத்தது 33 ரன். அணிக்குள் கோஷ்டி. லாலா அமர்நாத்தை முதல் டெஸ்ட்டுக்கு முன்பே ஒழுக்கம் சரியில்லை என்று ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லார்ட்ஸில் 9 விக்கெட்டில் தோல்வி, ஓவலில் 9 விக்கெட்டில் தோல்வி. நடுவில் மான்செஸ்டரில் விஜய் மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்து மானத்தைக் காப்பாற்றினார்கள். மகாராஜகுமாருக்கு அந்தப் பயணத்தின்போதே சர் பட்டம் கிடைத்தது. கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

தேதியைக் கவனியுங்கள். 1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்குகிறது. வால்டர் ஹாமண்ட் நம்மவர்களைப் புரட்டி எடுக்கிறார், அந்த இன்னிங்ஸில் அவர் எடுத்தது 217. கோபாலன் அணியில் இல்லை. அதே ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டம். முதல் நாள் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. தியான் சந்தின் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. முந்தைய வருஷம் தன்னோடு கப்பலில் வந்தவர்கள் அங்கே தங்கப் பதக்கத்தோடு நிற்க, இவர் லண்டனில் ஆடாத ஆட்டக்காரராக இருந்தார்.

எம்.ஜே. கோபாலனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் 'உச்' கொட்டுவார்கள். தவறான முடிவு எடுத்துவிட்டார் பாவம் என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது மாட்டேன் என்கிறேன்.

1936 தொடக்கத்தில் கோபாலன் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஹாக்கியில் இந்தியா 1928இல் தங்கம், 1932இல் தங்கம். இவர் போனாலும் போகாவிட்டாலும் மூன்றாவது தங்கம் வரும் என்று ஊரே சொல்லியிருக்கும். கிரிக்கெட்டில் இந்தியா அதுவரை ஆடியது நான்கே டெஸ்ட், மூன்று தோல்வி, ஒரு டிரா. அந்த ஒரே டிராவில் ஆடியவர் கோபாலன். அணிக்குப் பந்துவீச்சாளர்கள் தேவை. லார்ட்ஸில் பந்து போடுகிற வாய்ப்பு. அதோடு, சோறு போடுகிற வேலை ஒரு கிரிக்கெட்காரர் கையால் கிடைத்தது. ஜான்ஸ்டன் அவரைக் கட்டாயப்படுத்தினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாதச் சம்பளத்தில் வாழ்கிறவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் புரியும். இது என் ஊகம், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவராக யார் வருவார், அணி எப்படிக் குலையும், ஆகஸ்ட் 15 எங்கே எப்படி விடியும் என்பதெல்லாம் முடிவெடுத்த நாளில் யாருக்குத் தெரியும்? ரிசல்ட் வந்த பிறகு வினாத்தாளைப் பார்த்து நாம் மார்க் போடுகிறோம்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அதே 1936 பயணத்தில் சென்னையிலிருந்து இன்னொரு இரட்டை ஆட்டக்காரரும் போனார். கோட்டா ராமசாமி. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்கிறோமே புச்சி பாபு நாயுடு, அவருடைய மகன். தாய்வழித் தாத்தாவுக்குத் தத்துப் போனதால் கோட்டா என்ற குடும்பப் பெயர் வந்தது. கேம்பிரிட்ஜில் படித்தார். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடினார். சென்னை மாகாண விவசாய இலாகாவில் அதிகாரியாக இருந்துகொண்டு கிரிக்கெட்டும் ஆடினார். 1936 ஜூலையில் மான்செஸ்டர் டெஸ்ட்டில் அவரை முதல் தடவையாக இறக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 40! எடுத்தது 40, 60. அடுத்து ஓவலில் 29, பிறகு ஆட்டமிழக்காமல் 41. அவ்வளவுதான் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை, சராசரி 56க்கு மேல். அணியிலிருந்த இளவட்டங்கள் வெட்கப்பட வேண்டிய எண்.

ராமசாமியை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் பெரிய ஆட்டக்காரர், நல்ல மனிதர். தன் விளையாட்டு வாழ்க்கையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். கடைசியில் 1985 அக்டோபரில், 89 வயதில், வீட்டைவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. இன்றுவரை என்ன ஆனார் என்று தெரியாது. அது வேறு ஒரு சோகம். நான் சொல்ல வந்தது, ராமசாமிக்கு டென்னிஸா கிரிக்கெட்டா என்ற கேள்வி கழுத்தைப் பிடிக்கவில்லை. அப்பா வீட்டிலேயே மைதானம் இருந்தது, படிப்பு இருந்தது, காத்திருக்க நாள் இருந்தது. நாற்பது வயதில்கூட வாய்ப்பு வந்து கதவைத் தட்டியது. ஒரே கப்பலில் இரண்டு பேர், இரண்டு பேரும் இரண்டு ஆட்டக்காரர்கள். 'எதையாவது ஒன்றை விடு' என்ற கட்டாயம் ஒருவருக்குத்தான் வந்தது.

இங்கேதான் அந்த இரண்டாவது கடன் வருகிறது.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் கிடையாது. டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியர்கள் நாங்கள்தான் தமிழும் கணக்கும் நடத்திவிட்டு விசிலையும் ஊதுவோம். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கோகோவில் கம்பத்தைச் சுற்றினால் கண்ணில் பிடிபட மாட்டாள். இருநூறு மீட்டர் ஓடினால் பின்னால் வருபவர்கள் வேறு போட்டியில் ஓடுகிறார்களோ என்று தோன்றும். அவளுடைய அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் தினக்கூலி. ஒரு வருஷம் கோகோவும் ஓட்டமும் ஒரே சனிக்கிழமையில் விழுந்தன. கோகோ பூந்தமல்லியில், ஓட்டம் ஆவடியில். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. யாராவது ஒரு பெரியவர் கூட இருந்து, ஒரு ஆட்டோ வைத்திருந்தால் இரண்டுக்கும் போயிருக்கலாம். அவள் அப்பா என்னிடம் வந்து, "ஒரு நாள் லீவு போட்டாலே கூலி போயிடும் டீச்சர், நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

நான் அவளைக் கூப்பிட்டு, "ரெண்டு தோணியில கால் வைக்கக் கூடாதும்மா. நீ ஓட்டத்துக்கே வா" என்றேன்.

பழமொழி பொருத்தமாக வந்து உட்கார்ந்துகொண்டது. உண்மைக் காரணம் வேறு. ஆவடிக்கு ரயில் இருக்கிறது, நாலாவது ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். பூந்தமல்லிக்குப் பஸ் மாற வேண்டும். என் சின்ன மகனுக்கு அன்று காய்ச்சல். மத்தியானத்துக்குள் வீடு திரும்ப ஆவடிதான் எனக்கு வசதி. கோகோக் குழுவை வேறு ஒரு டீச்சர் கூட்டிப் போனார். இதை முப்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

ஆவடியில் அவள் நாலாவதாக வந்தாள். மண் தரை, வெறுங்கால், பக்கத்துப் பாதையில் ஓடியவள் இடித்துவிட்டாள். பூந்தமல்லியில் எங்கள் கோகோப் பிள்ளைகள் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குப் போனார்கள். பள்ளி அலுவலக அறையில் கேடயத்தோடு அந்தக் குழுவின் படம் ரொம்ப நாள் தொங்கியது. ஒவ்வொரு தடவை வருகைப் பதிவேட்டை எடுக்கப் போகும்போதும் அதில் அவள் இல்லாததைப் பார்ப்பேன். அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பத்தாவது முடித்தாள், தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது.

போன மாதம் அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். "டீச்சர்!" என்று கையைப் பிடித்தாள். கூடவே அவள் மகள், அச்சு அசலாக அதே கால்கள். வாலிபால் ஆடுகிறாளாம், நீளம் தாண்டுகிறாளாம். இரண்டில் ஒன்றை விட்டால்தான் உருப்படுவாய் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். "நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்? அன்னிக்கு எனக்கு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குக் கீரைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய சில்லறையை எண்ணத் தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி மனதில் உறுத்திக்கொண்டிருக்கும்போதுதான் லீட்ஸ்காரன் கூப்பிட்டான்.

கோபாலனுடைய மீதி வாழ்க்கையையும் சொல்லிவிட வேண்டும். 1936இல் அவர் கதை முடிந்துவிட்டது போல எழுதுவது தப்பு. அதன் பிறகு பதினைந்து வருஷம் சென்னைக்காக ஆடினார், தலைமையும் வகித்தார். முதல்தர ஆட்டங்கள் 78, ரன் 2,916, விக்கெட் 194. 1952-53இல் அவர் பெயரிலேயே ஒரு கோப்பை ஏற்படுத்தினார்கள். சென்னைக்கும் இலங்கைக்கும் நடுவே கோபாலன் டிராபி என்று முப்பது வருஷம் போல நடந்தது. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981இல். அதற்கு முன்னால் அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் மோதிப் பழகிய களங்களில் இது முக்கியமானது. கொழும்பில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கோபாலன் டிராபி என்றால் முகம் மலரும். ஐம்பதுகளில் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்தார். தேர்வாளர்கள் கையால் ஒரே ஒரு டெஸ்ட் வாங்கியவர், பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர் பெயரை எழுதினார். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அதே சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக.

2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார். அப்போது வயது 94. உலகத்தில் உயிரோடு இருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களிலேயே மூத்தவர் அவர்தான். அன்று பேப்பரில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் படித்ததாக ஞாபகம். அப்பா இருந்திருந்தால் கத்தரித்து வைத்திருப்பார்.

இனி எழுதுவது அந்தப் பெண்ணுக்கு. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், எல்லாப் பதிவுக்கும் பூ வைக்கிறவள் நீ.

கண்ணு, அன்றைக்கு நான் உனக்குச் சொன்னது பழமொழி. காரணம் ரயில். இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை, அதனால்தான் கோபாலனைத் துணைக்குக் கூட்டி வந்தேன். உன் மகள் எதை விட வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. பயிற்சியாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம், உடம்பு ஒன்றுதானே, ஒரு வயதுக்கு மேல் எதையாவது விடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் விடச் சொல்கிறவர் எதற்காகச் சொல்கிறார் என்று ஒரு தடவை கேட்டுவிடு. அவளுக்காகவா, அவருடைய வசதிக்காகவா, பஸ் காசுக்காகவா? என்னை நீ கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன்.

பஸ் காசும் கூட வர ஆளும்தான் பிரச்சினை என்றால், ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு வீட்டுக்கு வா. போட்டி அட்டவணையைக் கையில் எடுத்து வா. எனக்கு இப்போது மணி அடிக்கிற வேலை இல்லை, மகனுக்கும் காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ள மருமகள் இருக்கிறாள். பூந்தமல்லிக்கு எத்தனை பஸ் மாற வேண்டுமானாலும் மாறலாம்.